மாறிலி: யார் மாற்றலாம், எப்போது மாற்றலாம்?

2015 ஜூன் 1 அன்று இந்தியாவில் சேவை வரி 12.36 சதவீதத்திலிருந்து 14 சதவீதமானது. அதே ஆண்டு நவம்பர் 15-இல் ஸ்வச் பாரத் செஸ் அரை சதவீதம் சேர்ந்து 14.5 ஆனது. 2016 ஜூன் 1-இல் கிருஷி கல்யாண் செஸ் இன்னொரு அரை சதவீதத்தைக் கூட்டி 15 ஆக்கியது. 2017 ஜூலை 1-இல் சேவை வரியே போய் ஜிஎஸ்டி வந்தது. பெரும்பாலான சேவைகளுக்கு 18 சதவீதம். இரண்டு ஆண்டு ஒரு மாதத்துக்குள் நான்கு மாற்றங்கள். பில் போடும் மென்பொருளில் விகிதத்தை எண்ணாகவே எழுதிவைத்திருந்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரே வேலைதான்: நிரலைத் திறந்து, பழைய எண்ணைத் தேடிப் பிடித்து, புதிய எண்ணைப் போட வேண்டும்.

தேடுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் 12.36 எப்போதும் 12.36 என்ற உருவத்தில் இருப்பதில்லை. வரியைக் கணக்கிடும் இடத்தில் அது 0.1236. வரியோடு சேர்த்த தொகையைக் கணக்கிடும் இடத்தில் 1.1236. வரி உட்பட்ட விலையிலிருந்து வரியைப் பிரித்தெடுக்கும் இடத்தில் 112.36. ஒன்று விட்டுப்போனாலும் நிரல் நின்றுவிடாது. தவறான பில்லையும் சரியான பில்லைப் போலவே அழகாக அச்சிட்டுத் தரும்.

அதனால்தான் நிரலாக்கம் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்: எண்ணை அப்படியே எழுதாதே, பெயர் வை. சரி, பெயர்தான் வேண்டுமென்றால் சாதாரண மாறி போதாதா? 'வரி விகிதம்' என்றொரு மாறியில் 14 என்று வைத்துவிட்டால் பெயரும் கிடைத்தது, மாற்ற ஒரே இடமும் கிடைத்தது. மாறிலி என்று தனியாக ஒன்று எதற்கு? 'அது மாறாது என்பதால்' என்பது வழக்கமான பதில். ஆனால் மாறிலிக்கு உதாரணம் சொல்லும்போது பலரும் முதலில் எடுப்பது, மேலே நான்கு முறை மாறிய அதே வரி விகிதத்தைத்தான்!

இந்த முரண் தற்செயலானதல்ல. 'மாறாது' என்ற சொல் நம்மைத் திசைதிருப்புகிறது. ஒரு மதிப்பை யார் மாற்றலாம், எப்போது மாற்றலாம் என்பதற்கு நிரலர் எழுதித் தரும் விடையே மாறிலி. நிரல் மொழிகளின் வரலாற்றையும், அவை மதிப்பைப் பூட்டும் விதங்களையும், அந்தப் பூட்டு உதவாத இடங்களையும் வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

பெயர் செய்யும் வேலை

முதலில் மாறி, மாறிலி இரண்டுக்கும் பொதுவான பலனைப் பார்த்துவிடலாம். விளக்கமில்லாமல் நிரலுக்குள் நிற்கும் எண்ணை நிரலர்கள் 'மேஜிக் நம்பர்' என்பார்கள். பாராட்டாக அல்ல. 86400 என்று கண்டால் ஒரு நாளின் வினாடிகள் என்று பழகிய கண் சொல்லிவிடும். 37 என்று கண்டால்? உடல் வெப்பமா, பேருந்து இருக்கைகளா, வரிசையில் 37-ஆவது பத்தியா? எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்து மறந்திருக்கும்.

எண்ணுக்கு எழுத்துப்பிழை கிடையாது என்பது இன்னொரு சங்கடம். 3.14159 என்பதை 3.14195 என்று தட்டிவிட்டால் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாய் திறக்காது. அதுவும் முறையான எண்தானே. அதற்குப் 'பை' என்று பெயர் வைத்து, ஓரிடத்தில் 'பய்' என்று தட்டிவிட்டால், இப்படி ஒரு பெயரே இல்லை என்று அங்கேயே நிறுத்திவிடும். எண்ணை ஒருமுறை சரிபார்த்தால் போதும். பெயரைக் கம்பைலர் ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்ளும்.

பெயர், எண்ணின் பிறப்பையும் சொல்ல முடியும். 12.36 எங்கிருந்து வந்தது? அடிப்படை வரி 12, அந்த வரியின் மேல் கல்வி செஸ் 3 சதவீதம், 12-ஐ 1.03-ஆல் பெருக்கினால் 12.36. முதலிரண்டுக்கும் பெயர் வைத்து, மூன்றாவதை அவற்றிலிருந்து கணக்கிட்டு எழுதியிருந்தால், செஸ் மட்டும் மாறும்போது எதைத் தொட வேண்டும் என்று தேடவேண்டியதில்லை.

ஒரே எண் இரண்டு காரணங்களுக்காக வருவதும் உண்டு. வாக்களிக்கும் வயது 18; ஜிஎஸ்டியும் 18. ஒன்றை மாற்றப்போய் இன்னொன்றையும் மாற்றிவிடாமல் காப்பது பெயர்தான். வாக்களிக்கும் வயது 1989 வரை 21-ஆக இருந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; அசையாதவை போலத் தெரிபவையும் அசைந்திருக்கின்றன. அதனால் பெயர் பொருளைச் சொல்ல வேண்டும், மதிப்பைச் சொல்லக்கூடாது. 'பதினெட்டு' என்று பெயர் வைத்தவர், விகிதம் மாறும் நாளில் 'பதினெட்டு = 20' என்று எழுத நேரிடும்.

பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. 1999-இல் வந்த குவேக் 3 விளையாட்டின் நிரலில், வர்க்கமூலத்தின் தலைகீழை மின்னல் வேகத்தில் கணக்கிடும் ஒரு பகுதி இருக்கிறது. அதன் நடுவே, பதின்ம எண்ணில் சொன்னால் 1597463007 என்ற மதிப்பு நேராக எழுதப்பட்டிருக்கும். அது எங்கிருந்து வந்தது, ஏன் அந்த எண் என்று கணிதம் தெரிந்தவர்கள் தனியாக ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். 'தொடக்க ஊகம்' என்று பெயர் வைத்திருந்தாலும் அந்தப் புதிர் அவிழ்ந்திருக்காது. எது என்பதைப் பெயர் சொல்லும்; ஏன் என்பதைச் சொல்லப் பக்கத்தில் ஒரு குறிப்பு வேண்டும்.

ஒரே மதிப்பு, இரண்டு உருவம்

ஒரு மதிப்பு ஓரிடத்தில் மட்டும் வாழ வேண்டும் என்ற விதியின் கனத்தை உணர, 1991 பிப்ரவரி 25-க்குப் போகலாம். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. அமெரிக்கப் படையினர் 28 பேர் இறந்தார்கள்.

அந்த அமைப்பின் கடிகாரம் வினாடியில் பத்தில் ஒரு பங்காக நேரத்தை எண்ணியது. அதை வினாடியாக்க 0.1-ஆல் பெருக்க வேண்டும். பத்தில் ஒன்று என்பது நமக்கு எளிய எண். இரும முறையில் அது முடிவில்லாமல் நீளும். 24 பிட்டுக்குள் வெட்டி வைத்தபோது ஒரு துளி குறைந்தது. ஏறத்தாழ 100 மணி நேரம் ஓடியபின் அந்தத் துளி சேர்ந்து 0.34 வினாடிப் பிழையானது. ஸ்கட்டின் வேகத்தில் அது அரை கிலோமீட்டருக்கும் மேல்.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. நேரத்தை இன்னும் துல்லியமாக மாற்றும் துணைநிரல் ஒன்று ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் தேவையான எல்லா இடங்களிலும் அல்ல. எல்லா இடத்திலும் ஒரே பிழை இருந்திருந்தால், இரண்டு நேரங்களைக் கழிக்கும்போது பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயிருக்கும். ஓரிடத்தில் திருத்தமும் இன்னோரிடத்தில் பழையதும் இருந்ததுதான் வினையானது. மாறிலி ஒன்று இல்லாததால் நடந்த விபத்து என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. பாதி திருத்தம் சில சமயம் திருத்தாமல் விட்டதைவிட ஆபத்து என்பதற்கு இதைவிடக் கடுமையான பாடம் வேண்டியதில்லை.

நான்கு ஐந்தான காலம்

பெயர் போதும், பூட்டு வேண்டாம் என்பவர்களுக்கு ஃபோர்ட்ரானின் இளமைக் காலத்தை நினைவூட்டலாம். 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட அந்த மொழியில், ஒரு துணைநிரலுக்கு மதிப்பைக் கொடுத்தால், மதிப்பு போவதில்லை. அது நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரிதான் போகும். 4 என்ற எண்ணைக் கொடுத்தால், 4 வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் முகவரி. அந்தத் துணைநிரல் தனக்கு வந்ததோடு ஒன்றைக் கூட்டிவிட்டால், சில கம்பைலர்களில் அதன்பிறகு நிரலில் 4 என்று எழுதிய இடமெல்லாம் 5 ஆகிவிடும். எண்ணே மாறிலியாக இல்லாத உலகம் அது.

பெயருள்ள மாறிலி என்ற வசதியும் அந்த மொழியில் தொடக்கத்தில் இல்லை. 'பை'யின் மதிப்பை ஒரு மாறியில் தொடக்க மதிப்பாக ஏற்றிவைத்துக்கொள்வார்கள். பின்னாளில் பை மாறினால் நிரலைத் திருத்துவதும் இதனால் எளிது என்று அந்தக் கால ஃபோர்ட்ரான் கையேடு ஒன்று சொன்னதை நிரலர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிப்புக்குள் ஒரு குறை இருக்கிறது: பை மாறாது என்று நமக்குத் தெரியும், ஆனால் அந்த நிரலுக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்கும் வசதி ஃபோர்ட்ரான் 77-இல்தான் தர விதிக்குள் வந்தது.

அதற்கு முன்பே, 1970-இல் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய பாஸ்கல், மாறிலிகளுக்கு என்று தனிப் பகுதி ஒதுக்கியிருந்தது; மாறிகளின் அறிவிப்புக்கு முன்னால் அது வர வேண்டும். அந்த மொழியில், மதிப்புகளை வரிசையாக வைக்கும் அணியின் நீளம் கம்பைல் செய்யும்போதே தெரிந்தாக வேண்டும் என்பதால், அங்கே மாறியை வைக்கவே முடியாது. 'மாணவர் எண்ணிக்கை' என்ற மாறிலியை அணிக்கும் மடக்குக்கும் பொதுவாக வைத்தால், ஒன்றை மாற்றும்போது மற்றதும் சேர்ந்து மாறும்.

சி மொழி வேறு வழியில் போனது. அதன் 'டிஃபைன்' என்பது கம்பைலர் பார்ப்பதற்கு முன்பே பெயரை அழித்து எண்ணை ஒட்டிவிடும் வெறும் எழுத்து மாற்று வேலை. பின்னர் பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப், சி பிளஸ் பிளஸுக்கு அடித்தளமான தன் பணியில், 1981-இல் 'ரீட்ஒன்லி' என்ற சொல்லை முன்வைத்தார். அது 'கான்ஸ்ட்' என்று பெயர் மாறி, 1989-இன் சி தர விதிக்கும் வந்து சேர்ந்தது. பழைய பெயரே உண்மைக்கு நெருக்கமானது என்பேன். 'படிக்க மட்டும்' என்பது அதிகாரத்தைச் சொல்கிறது. 'மாறாதது' என்பது இயல்பைச் சொல்வதுபோல் பாவனை செய்கிறது.

பூட்டு தரும் நிம்மதி

சாதாரண மாறி தராத எதை மாறிலி தருகிறது? படிப்பவருக்கு விடுதலை. இருபதாயிரம் வரி நிரலில் 'அதிகபட்ச முயற்சி = 5' என்ற மாறியைக் கண்டால், இந்த இடத்தில் அது 5-ஆகவே இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதைத் தொடும் வரிகளையெல்லாம் பார்க்க வேண்டும். மாறிலி என்று அறிவித்திருந்தால் ஒரே வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம். நிரலை எழுதுவதைவிடப் படிப்பதற்கே அதிக நேரம் போகிறது என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். மாறிலி அந்த நேரத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது.

இரண்டாவது, கைத்தவறு. சி, சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் ஒப்பிடுவதற்கு இரண்டு சமக்குறி, மதிப்பை ஏற்றுவதற்கு ஒரு சமக்குறி. 'வரம்பு ஐந்தா?' என்று கேட்க வந்தவர் ஒரு குறியை விட்டுவிட்டால், 'வரம்பே, ஐந்தாகு' என்ற கட்டளையாகிவிடும். வரம்பு மாறியாக இருந்தால் இதைச் சட்டப்படி சரி என்றே கம்பைலர் ஏற்கும். மிஞ்சிப்போனால் ஓர் எச்சரிக்கை வரும். மாறிலியாக இருந்தால் வாசலிலேயே தடுத்துவிடும்.

மூன்றாவது, ஒரே நேரத்தில் பல இழைகளாக ஓடும் நிரல்கள். ஓர் இழை எழுதும்போது இன்னொன்று படித்தால் குழப்பம். அதற்காகக் காவல் ஏற்பாடுகள் வேண்டும். யாரும் எழுத முடியாத மதிப்புக்குக் காவல் தேவையில்லை. எத்தனை பேர் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இயந்திரம் எங்கே வைக்கிறது?

மாறிலி என்று தெரிந்தால் கம்பைலரும் சும்மா இருப்பதில்லை. 60-ஐ 60-ஆல் பெருக்கி 24-ஆல் பெருக்கு என்று எழுதினாலும், 86400 என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பதித்துவிடும். அதனால் பிறப்பு தெரியும்படி விரித்து எழுதுவதற்கு வேகத்தில் விலை கிடையாது. பெரிய அட்டவணைகளை, இயங்குதளம் எழுத விடாத நினைவகப் பகுதியில் வைக்கும். அங்கே எழுத முயன்றால் நிரல் அந்த இடத்திலேயே விழும். ஓசையில்லாமல் கெடுவதைவிட ஓசையோடு விழுவது நல்லது.

பொறியியல் மாணவர்கள் கையில் புழங்கும் ஆர்டுயினோ உனோ பலகையில் இந்த விஷயம் கண்ணுக்கே தெரியும். அதன் ஏட்மெகா 328பி சில்லில் நிரலுக்கான ஃபிளாஷ் 32 கிலோபைட். மாறிகளுக்கான ரேம் 2 கிலோபைட் மட்டுமே. விளக்கு இணைந்த முனை எண் 13-ஐக் 'கான்ஸ்ட்' ஆக்கினால் அது கட்டளைக்குள்ளேயே கரைந்துவிடும், ரேமில் இடம் கேட்காது. ஆனால் 500 எண்கள் கொண்ட அட்டவணையைக் 'கான்ஸ்ட்' ஆக்கினால் மட்டும் போதாது. அந்தச் சில்லில் நிரலுக்கும் தரவுக்கும் நினைவகப் பாதைகள் வேறு வேறு. அதனால் அட்டவணை ரேமுக்கு நகலாகிவிடும். ஃபிளாஷிலேயே இருக்கட்டும் என்று தனியாகக் குறிக்க வேண்டும். எழுதக்கூடாது என்று சொல்வது வேறு, எங்கே இருக்க வேண்டும் என்று சொல்வது வேறு.

ஒரே சொல், பல பூட்டுகள்

மொழிகளை ஒப்பிட்டால் 'மாறிலி' என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு உறுதிமொழிகள் தெரியும். மதிப்பு கம்பைல் செய்யும்போதே தெரியும் என்பது ஒன்று. ஓடத் தொடங்கியபின் ஒருமுறை வைப்பேன், பிறகு தொடமாட்டேன் என்பது இரண்டு. இந்தப் பெயரை வேறொன்றுக்குச் சூட்டமாட்டேன், ஆனால் உள்ளே இருப்பது மாறலாம் என்பது மூன்று.

சி மொழியின் 'கான்ஸ்ட்' முதல் உறுதியைத் தருவதில்லை. அதனால் சுவிட்ச் கட்டளையின் கேஸ் எண்ணாக அதை வைக்க முடியாது. சி பிளஸ் பிளஸில் முடியும். அந்த முதல் உறுதியை வெளிப்படையாகக் கேட்கும் 'கான்ஸ்ட்எக்ஸ்பர்' சி பிளஸ் பிளஸில் 2011-இல் வந்தது. ஜாவா 'கான்ஸ்ட்' என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டுப் பயன்படுத்தாமலே விட்டது, அங்கே 'ஃபைனல்'தான். அதில் ஒரு பொறி உண்டு. ஒரு நூலகத்தில் உள்ள எண் மாறிலியை வேறொரு நிரல் பயன்படுத்தினால், கம்பைல் செய்யும்போதே அந்த எண் இங்கே நகலாகிவிடும். நூலகத்தில் மதிப்பை மாற்றிப் புதுப் பதிப்பு போட்டாலும், பயன்படுத்தும் நிரலை மறுபடி கம்பைல் செய்யாதவரை பழைய எண்ணே ஓடும். சி ஷார்ப்பிலும் இதே கதை. அதனால்தான் அங்கே 'கான்ஸ்ட்' ஒன்றும் 'ரீட்ஒன்லி' ஒன்றுமாக இரண்டு இருக்கின்றன.

ஜாவாஸ்கிரிப்டின் 'கான்ஸ்ட்' 2015-இல் தர விதிக்குள் வந்தது. அது மூன்றாவது வகை. வீட்டு எண்ணை மாற்ற முடியாது; வீட்டுக்குள் சாமானை மாற்றலாம். கான்ஸ்ட் என்று அறிவித்த பட்டியலில் புதிய உறுப்பைச் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் இது.

பைத்தானில் பூட்டே கிடையாது. பெயரைப் பெரிய எழுத்தில் எழுது, மற்றவர்கள் புரிந்துகொள்வார்கள் என்பதுதான் ஏற்பாடு. கணித நூலகத்தின் 'பை'யை 3 என்று மாற்றினாலும் பைத்தான் தடுக்காது. 2019-இல் வந்த 3.8 பதிப்பு 'ஃபைனல்' என்ற குறியைத் தந்தது; அதைச் சரிபார்ப்புக் கருவிகள் மதிக்கும், ஓடும்போது பைத்தான் கண்டுகொள்ளாது. ரூபியில் மாறிலியை மாற்றினால் எச்சரிக்கை மட்டும் வரும், மாற்றமும் நடந்துவிடும். மறுகோடியில் 2015-இல் 1.0 கண்ட ரஸ்ட், கேள்வியையே திருப்பிப் போட்டது: எதுவும் சொல்லாவிட்டால் மாறாது; மாற வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்கு.

பெரிய எழுத்து வழக்கம் பற்றித் தமிழில் எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாது. பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; ஆனால் 'வரி_விகிதம்' மாறியா மாறிலியா என்று எழுத்தின் உருவம் காட்டிக்கொடுக்காது. ரூபியில் பெயரின் முதலெழுத்து பெரியதாக இருந்தால்தான் அது மாறிலி. எனவே தமிழ் எழுத்தில் தொடங்கும் மாறிலி அங்கே பிறக்கவே முடியாது. வழக்கத்தை மட்டும் நம்பிய பூட்டு, அந்த வழக்கம் பிறந்த எழுத்துக்குள்தான் வேலை செய்யும். சொல்லால் பூட்டும் மொழிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அளவும் எல்லையும்

எல்லா எண்ணுக்கும் பெயர் வைப்பதும் நோய்தான். வட்டத்தின் சுற்றளவில் வரும் 2-க்குப் பெயர் தேவையில்லை. சூத்திரமே அதன் பெயர். எண்ணத் தொடங்கும் 0-வும் கூட்டும் 1-உம் அப்படியே. ஆயிரம் மாறிலிகளை ஒரே கோப்பில் கொட்டிவைத்தால், ஒரு வரியைப் புரிந்துகொள்ள நாலு கோப்பு தாவ வேண்டிவரும். ஒரே இடத்தில் மட்டும் பயன்படுவது அந்த இடத்தருகே இருப்பதே நல்லது.

உலகம் மாற்றக்கூடியவற்றிலும் கவனம் வேண்டும். இயற்பியல் மாறிலிகளே இதற்கு விலக்கல்ல. பிளாங்க் மாறிலியின் மதிப்பு அளவீடு மேம்பட மேம்பட அவ்வப்போது திருத்தப்பட்டு வந்தது. 2019 மே 20 முதல் 6.62607015 பெருக்கல் பத்தின் அடுக்கு −34 என்று வரையறையாகவே நிலைநிறுத்தப்பட்டது. ஒளியின் வேகத்துக்கு அது 1983-இலேயே நடந்தது. இயற்கை மாறவில்லை, எண்ணை மாற்றும் அதிகாரம் ஆய்வகங்களின் அளவுகருவியிடமிருந்து எடை அளவைகளுக்கான பொது மாநாட்டின் தீர்மானத்துக்குக் கைமாறியது.

இப்போது தொடங்கிய பில்லுக்குத் திரும்பலாம். சேவை வரியை மாறிலியாக வைத்து, நான்கு முறையும் ஒரே இடத்தில் திருத்தியவர் நல்ல நிரலர்தான். 2018-இல் ஒரு வாடிக்கையாளர் வந்து, 2015 ஆகஸ்ட் மாத பில்லின் நகல் வேண்டும் என்கிறார். நிரல் தொகையை மறுபடி கணக்கிட்டு 18 சதவீதம் போடுகிறது. அன்று அவர் கட்டியது 14. ஒரே இடத்தில் இருந்த மாறிலி, ஒரே அடியில் பழைய பில்களையெல்லாம் பொய்யாக்கிவிட்டது.

நிரலருக்குத் தெரியாமல் யாரும் மாற்றக்கூடாது என்றால் அது மாறிலி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மாறினால் அது மாறி. நிரலை நிறுவும் இடத்துக்கு இடம் மாறினால் அமைப்புக் கோப்பு. அரசு மாற்றினால், 'இந்தத் தேதி முதல் இந்த விகிதம்' என்று வரிசையாக எழுதிய அட்டவணை. அதில் 12.36-உம் இருக்கும், 14-உம் இருக்கும், 18-உம் இருக்கும். புதியது கீழே சேரும், பழையதை யாரும் அழிக்கமாட்டார்கள். அட்டவணை வளர்ந்துகொண்டே போகும். ஆனால் 2015 ஜூன் 1 என்ற தேதிக்கு நேரே எழுதிய 14 மட்டும் இனி எந்த பட்ஜெட்டாலும் மாறப்போவதில்லை.